100 படங்கள், 122 சனிக்கிழமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் 2022 ஜனவரி 1ஆம் திகதி சனிக்கிழமை இரவு முதல் படத்தைப் பார்த்தோம். நூறாவது படம் 2024 ஏப்ரல் 27ஆம் திகதி, அதுவும் ஒரு சனிக்கிழமை இரவு, முடிந்தது. பார்த்தவர்கள் மூவர்: எழுபது வயதைத் தாண்டிய அம்மா, தங்கையின் மகன், நான். அன்று முதல் உறவினர்களும் அயலவர்களும் என்னோடு வேலை செய்பவர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சிலர் தாங்களும் தொடங்க விரும்புகிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பதில்கள்.

எதற்காக இப்படி ஒரு வேலையைத் தொடங்கினீர்கள்?

மருமகனால். கொரோனா முடக்க காலத்தில் அவன் ஒரு படத்தைக் கைபேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு வந்தால் தள்ளிவிடுவான். யாராவது பேசாமல் நடந்தால் அதையும் தள்ளிவிடுவான். நாற்பது நிமிடத்தில் படம் முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உண்மையாகவே மனம் வலித்தது.

அவன் வயதில் நாங்கள் படம் பார்த்த விதம் வேறு. 1990க்குப் பிறகு குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. ரேடியோ கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தோம். எப்போதாவது ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு வரும். வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, மண்ணெண்ணெய் தேடி, முற்றத்தில் பாய் விரித்து விடியும் வரை பார்ப்போம். எண்ணெய் தீர்ந்தால் படமும் நின்றுவிடும். முடிவு தெரியாத படங்கள் இன்றும் எனக்கு நான்கைந்து இருக்கின்றன. அப்படிப் பார்த்தவற்றில் நல்ல படங்கள் குறைவு. ஆனாலும் ஒரு காட்சியைக்கூடத் தள்ளிவிட எவருக்கும் மனம் வந்ததில்லை. அந்தப் பார்வை உலகத்தின் மிகச் சிறந்த படங்களுக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினேன். மருமகனிடம் கேட்டேன். "மாமா, நூறும் பார்த்தால் என்ன தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தான். பிறகு அவன் அந்தப் பரிசைப் பற்றிப் பேசவே இல்லை.

நூறு படங்களையும் யார் தெரிவு செய்தார்கள்?

பிரித்தானியத் திரைப்பட நிறுவகத்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகை 1952 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து, உலகின் சிறந்த படங்கள் எவை என்று வெளியிடுகிறது. முதல் தடவை 'பைசிக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை ஐந்து தடவையும் 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்டிகோ'. அந்த 2012ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து 60 படங்களை எடுத்தோம். மிகுதி 40ஐ நாங்களே சேர்த்தோம்: பிற இந்திய மொழிப் படங்கள் 18, தமிழகத் தமிழ்ப் படங்கள் 12, இலங்கைப் படங்கள் 10.

ஏன் அப்படியே நூறையும் எடுக்கவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த புதிய பட்டியலைப் பாருங்கள். 1,600க்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்த அந்த நூறில் இந்தியப் படம் ஒன்றே ஒன்று: 35ஆம் இடத்தில் 'பதேர் பாஞ்சாலி'. இலங்கைப் படம் எதுவும் இல்லை. வாக்களித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணில் படாத படத்துக்கு எவரால் வாக்களிக்க முடியும்? எங்கள் படங்களை எங்கள் பட்டியலில் நாங்கள்தான் எழுத வேண்டும்.

அந்தப் புதிய பட்டியல் எங்கள் ஓட்டத்தின் நடுவில் வந்தது. முதலிடத்தில் நாங்கள் பார்த்திராத ஒரு படம் இருந்தது. எங்கள் பட்டியலில் ஒன்றை வெட்டிவிட்டு அதைச் சேர்த்தோம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மற்ற 22 சனிக்கிழமைகளும் என்ன ஆயின?

இரண்டு ஆண்டுகளின் நல்லூர்த் திருவிழாவில் ஆறு போயின. மின்வெட்டில் ஐந்து. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாத நிலை வந்தது நினைவிருக்கும். அந்த இரவுகளில் அம்மா தான் இளம் வயதில் பார்த்த படங்களின் கதைகளை இருட்டில் இருந்தபடி சொன்னார். மிகுதிப் பதினொன்றும் செத்தவீடு, கலியாணவீடு, என் டெங்குக் காய்ச்சல், மருமகனின் பரீட்சை என்று போயின. விட்ட கிழமையைப் பிடிப்பதற்காக ஒரே கிழமையில் இரண்டு படம் பார்க்கவில்லை. ஒரு நல்ல படத்துக்கு ஆறு நாள் இடம் கொடுக்க வேண்டும். புதன்கிழமை முகம் கழுவும்போது சட்டென்று ஒரு காட்சி விளங்கும்.

என்ன விதிகள் வைத்திருந்தீர்கள்?

இரவு ஏழரைக்குத் தொடங்குவோம். கைபேசிகள் மூன்றும் சமையலறையில் இருக்கும். இடையில் நிறுத்துவதில்லை, படத்திலேயே இடைவேளை இருந்தால் மட்டும் எழுந்து தேநீர் போடலாம். படத்தைப் பற்றி முன்கூட்டியே எதுவும் வாசிக்கக் கூடாது. முடிந்தவுடன் அபிப்பிராயம் சொல்லவும் கூடாது. அது மறுநாள் காலைத் தேநீரோடு. கடைசி விதிதான் மருமகனுக்குக் கடினமாக இருந்தது. இப்போது அவனே அதை மற்றவர்களுக்குச் சொல்கிறான்.

என்ன கருவி வேண்டும்?

ஒரு சிறிய புரொஜெக்டரை நண்பர் தந்தார். சுவருக்கு வெள்ளை அடித்தோம். காசு இருந்தால் படத்தின் அளவுக்குச் செலவழிப்பதைவிட நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவழியுங்கள். கணினித் திரையும் போதும், இருட்டும் ஒழுங்கும் இருந்தால்.

படங்கள் எங்கே கிடைக்கின்றன?

மிகப் பழைய மௌனப் படங்கள் பலவற்றுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இணையத்தில் இலவசமாக, சட்டப்படியே கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக டிவிடி கேட்டோம். யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா 2015இல் தொடங்கியது. அது நடக்கும்போது எந்த வேலையையும் ஒதுக்கிவிட்டுப் போங்கள். முன்பின் தெரியாதவர்களோடு இருட்டில் இருந்து நல்ல படம் பார்க்கும் வாய்ப்பு இந்த ஊரில் அரிது. அம்மாவின் காலத்தில் வின்சர், வெலிங்டன், றீகல், ராணி, மனோகரா, லிடோ, ராஜா என்று கொட்டகைகளின் பெயர்களே ஒரு பாட்டுப் போல வரும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதே, எப்படிப் பார்த்தார்?

எங்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. தமிழ் சப்டைட்டில் பெரும்பாலான படங்களுக்கு இல்லை. மருமகன் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, ஆங்கில வரியை வாசித்து மெல்லிய குரலில் தமிழில் சொல்லத் தொடங்கினான். முதல் மாதம் தடுமாறினான். மூன்றாம் மாதத்தில் ஒரு கிழவருக்கு ஒரு குரல், ஒரு பிள்ளைக்கு ஒரு குரல் என்று ஆகிவிட்டது.

ஜப்பானில் மௌனப் படக் காலத்தில் இதுவே ஒரு தொழிலாக இருந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதையையும் உரையாடலையும் சொல்பவருக்குப் பென்ஷி என்று பெயர். இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. இதைச் சொன்னபோது மருமகனின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்த பிள்ளை, ஒரு வரியையும் தவறவிடாமல் பார்க்க வேண்டியவனாக மாறினான். தொடங்க விரும்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் நான் சொல்வது இதுதான்: இளையவர் ஒருவர் மூத்தவர் ஒருவருக்குப் படத்தைச் சொல்லட்டும்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

சார்லி சப்ளினின் 'சிட்டி லைட்ஸ்'. 1931இல் வந்தது. பேசும் படம் வந்து சில ஆண்டுகள் ஆகியும், சப்ளின் பிடிவாதமாக உரையாடல் இல்லாமல் எடுத்து, இசையைத் தானே அமைத்தார். கண் தெரியாத பூக்காரப் பெண் கடைசியில் கையைத் தொட்டு ஆளை அடையாளம் காணும் இடத்தில் வயது, மொழி எதுவும் குறுக்கே வராது. அதற்குப் பிறகு 'பைசிக்கிள் தீவ்ஸ்'. அதில் தகப்பனாக வருபவர் நடிகர் அல்லர், ஆலைத் தொழிலாளி. சைக்கிள் களவு போனால் சோறு போய்விடும் என்பதை யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

டிரையரின் 'த பாஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) போன்றவற்றைப் பத்துப் படங்களுக்குப் பிறகு பாருங்கள். அதன் மூல நெகட்டிவ் தீயில் அழிந்தது. 1981இல் ஒஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையில் நல்ல பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே ஆண்டு என்று மருமகன் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறான்.

மெதுவாக நகரும் படங்களில் சலிப்பு வரவில்லையா?

வந்தது. எனக்கும் மருமகனுக்கும். அம்மாவுக்கு வரவில்லை.

2022 பட்டியலில் முதலிடம் பெற்ற படம் ஷந்தால் அகர்மன் 1975இல் இயக்கிய 'ஷான் டீல்மன்'. 201 நிமிடங்கள். கணவனை இழந்த ஒரு தாயின் மூன்று நாட்கள். அவள் கட்டில் விரிப்பாள், கோப்பி போடுவாள், உருளைக்கிழங்கு சீவுவாள். கமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பிற்பகலில் அவள் வீட்டிலேயே உடலை விற்றுச் சீவிக்கிறாள் என்பதையும் அதே அமைதியோடு காட்டும். அம்மாவோடு இருந்து இதைப் பார்ப்பதா என்று தயங்கினேன். அம்மா அந்த இடங்களைக் கண் சிமிட்டாமல் கடந்தார்.

முதல் ஒரு மணி நேரத்தில் மருமகன் இரண்டு தடவை கொட்டாவி விட்டான். இரண்டாம் நாள் மாலையில் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏதோ நடந்துவிட்டது. அடுப்பை நேரத்துக்கு அணைக்கவில்லை." கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அளவுக்கு மிஞ்சி அவிந்த உருளைக்கிழங்குச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்க நடக்கிறாள். அந்தப் படத்தின் முழுப் பயங்கரமும் அங்கே தொடங்குகிறது. நாங்கள் இருவரும் பார்க்கத் தவறியதை ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் கொட்டாவி விடவில்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு மிக நெருக்கமான வெளிநாட்டுப் படம் எது?

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). ஒனோமிச்சி என்ற சிறிய ஊரிலிருந்து வயதான தாயும் தகப்பனும் நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, நேரம் இல்லாதவர்கள். போரில் இறந்த மகனின் மனைவி மட்டும் வேலைக்கு விடுப்பு எடுத்து அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். ஓசு கமராவைத் தரையில் இருப்பவரின் கண் உயரத்துக்கு இறக்கி வைத்து எடுப்பார். பாயில் இருந்து பார்க்கும்போது நாமும் அந்த வீட்டில் இருப்பது போலத் தோன்றும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெரிய வீட்டில் தனியே இருக்கும் எத்தனை பேர் எங்கள் ஒழுங்கையில்! தகப்பன் கடைசியில் தனியாக இருந்து விசிறிக்கொண்டிருப்பதைப் பார்த்த அம்மா, மறுநாள் காலை தேநீர் குடிக்காமல் அடுத்த வளவில் தனியே இருக்கும் ஆச்சியைப் பார்க்கப் போனார்.

ரித்விக் கட்டக்கின் 'மேகே தாக்க தாரா' (1960) இன்னொன்று. பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த குடும்பம். மூத்த மகள் நீதாவின் உழைப்பில் எல்லோரும் வாழ்கிறார்கள், அவள் காசநோயில் முடிகிறாள். தொடக்கத்தில் தெருவில் அவளுடைய செருப்பு வார் அறுந்துவிடும். அவள் குனிந்து பார்த்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடப்பாள். 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு, ஊரே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் மழைச் சேற்றில் அம்மாவின் செருப்பு அறுந்தது. நெரிசலில் குனிய இடம் இல்லை. கொடிகாமம் வரை வெறுங்காலோடு நடந்தார். அந்தக் காட்சி வந்தபோது அம்மா தன் காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மருமகனுக்கு அந்தக் கதையை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார்.

பாதியில் விட்ட படம் உண்டா?

'த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966). அம்மா மட்டும் எழுந்து போனார். அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றிய படம் அது. இயக்குநர் பொன்டெகோர்வோ அதைச் செய்திப்படம் போலவே எடுத்திருக்கிறார், ஆனால் அதில் உண்மையான செய்திப்படத் துண்டு எதுவும் இல்லை. சோதனைச் சாவடியில் ஆட்களை நிறுத்தும் இடத்தில் அம்மா சத்தமில்லாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நாங்கள் முடிவு வரை பார்த்தோம். அதை நூறில் சேர்த்துக்கொண்டோம். அம்மாவின் கணக்கிலும் சேர்த்தோம். பார்க்க வேண்டியதை அவர் முன்பே பார்த்துவிட்டார்.

இலங்கைப் படங்களில் எவற்றைப் பார்த்தீர்கள்?

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956), 'கம்பெரலிய' (1963) இரண்டையும் தவறவிடாதீர்கள். அதுவரை சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்டன. 'ரேகாவ' கமராவை வயலுக்கும் வெயிலுக்கும் கொண்டுவந்தது. 'கம்பெரலிய' 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றது.

தமிழில், கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று' (1978), எல்லாவற்றுக்கும் மேலாக 'பொன்மணி' (1977). 'பொன்மணி'யை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களவரான அவர் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்து, சீதனத்தையும் சாதியையும் பற்றி, இந்த மண்ணிலேயே, எங்கள் பேச்சிலேயே ஒரு படம் எடுத்தார். எங்களுக்குக் கிடைத்த பிரதி மங்கல். ஆனாலும் 1977இன் யாழ்ப்பாணத்து வெளிச்சம் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எரிந்தவற்றையும் இடிந்தவற்றையும் நினைத்துக்கொண்டு அதைப் பார்ப்பது எளிதல்ல. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பிரதியையும், எவ்வளவு கீறல் விழுந்திருந்தாலும், பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். நூறாவது படமாக 'பொன்மணி'யை வைத்திருந்தோம்.

தமிழகப் படங்கள்?

பாட்டே இல்லாத 'அந்த நாள்' (1954), 'உதிரிப்பூக்கள்' (1979), 'வீடு' (1988). மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் 'வீடு' எங்கள் மூவருக்கும் பொதுவான தெரிவு. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் கிழவர் தனியே குடையோடு வந்து, பூசாத சுவரைக் கையால் தடவுவார். மீளக் குடியேறியபோது இங்கே எத்தனை கைகள் அப்படிச் சுவரைத் தடவின.

குறிப்பு எழுதினீர்களா?

ஒரு சி.ஆர். கொப்பி. படத்தின் பெயர், திகதி, ஆளுக்கு ஒரு வரி. அதற்கு மேல் எழுதினால் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால்?

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). அது அவருடைய முதல் படம். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்கு முன் திரைப்படக் கமராவை இயக்கியதில்லை. அப்போது அவருக்கு 21 வயது. காசு தீர்ந்து, ராயின் மனைவியின் நகையை அடகு வைத்து, நிறுத்தி நிறுத்தி எடுத்து, கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தில் முடித்தார்கள். மகள் துர்க்கா இறந்தது தெரியாமல் தகப்பன் வெளியூரிலிருந்து வந்து, அவளுக்கென்று வாங்கிய சேலையை எடுத்துத் தாயிடம் கொடுப்பார். தாய் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு உடைந்து அழுவாள். அவள் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தந்தி வாத்தியம் ஒன்றுதான் வீறிடும்.

அதைப் பார்க்கும் இரவில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. நடுவில், முதல் மழை வருவதற்குச் சற்று முன்பு, குளத்து நீரின் மேல் பூச்சிகள் ஓடித் திரியும். கரையில் தூண்டில் போட்டபடி இருக்கும் மனிதரின் வழுக்கைத் தலையில் ஒரு துளி விழும். விசிறி ஓடினால் அந்த மழையின் தொடக்கம் உங்களுக்குக் கேட்காது.